பூரணைக்கு மூன்று நாள் முன்னர்: திருகோணமலைக் கடல் முள்ளெலிக்கு இனப்பெருக்க நாட்காட்டி தயாரிப்பது எப்படி?

திருகோணமலையில் பூரணையை ஒட்டிய நாட்களில் நண்டு வாங்கப் போனால், நேர்மையான வியாபாரி ஒருவராவது தடுப்பார்: "தம்பி, நிலவு நண்டில் சதை இருக்காது. அமாவாசைக்கு வாருங்கள்." நண்டைப் பற்றிய இந்தப் பேச்சு எவ்வளவு உண்மை என்பதை நான் சோதித்ததில்லை. ஆனால் இதே மாதிரியான ஒரு சந்தைப் பேச்சைக் கடல் முள்ளெலி விடயத்தில் ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சோதித்துவிட்டார். எகிப்தின் சுயஸ் துறைமுகத்தில் முள்ளெலி விற்றவர்கள், பூரணையில் அதன் வயிறு நிறைந்திருக்கும், அமாவாசையில் வெறுமையாக இருக்கும் என்று சொன்னார்கள். ஆங்கிலேய விலங்கியலாளர் மன்றோ ஃபொக்ஸ் அவற்றை வாங்கி, உடைத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்து, 1924இல் முடிவை வெளியிட்டார். சுயஸில் வாழும் டயடீமா செட்டோசம் என்ற இனத்துக்குக் கோடை மாதங்களில் அந்தப் பேச்சு சரியாகவே இருந்தது. மத்தியதரைக் கடலோரச் சந்தைகளிலும் அதே நம்பிக்கை நிலவியது. அங்கே விற்கப்பட்ட வேறு இனத்துக்கு அது பொருந்தவே இல்லை.

அந்த டயடீமா செட்டோசம்தான் நமது நிலாவெளிப் பாறைகளிலும் இருக்கிறது. அப்படியானால் சுயஸ் நாட்காட்டியை அப்படியே இங்கே மாட்டிவிடலாமா? முடியாது. ஏன் முடியாது, நமது கரைக்கு நாமே ஒன்றை எப்படித் தயாரிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. உயர்தர உயிரியல் மாணவர்கள், ஆசிரியர்கள், நீர்மூழ்குவோர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு தராசு, ஒரு சாதாரண நுணுக்குக்காட்டி, ஒரு வருடப் பொறுமை ஆகியன போதும்.

தொடங்குவதற்கு முன் விலங்கைப் புரிந்துகொள்ளுங்கள்

முள்ளெலிகளில் ஆணும் பெண்ணும் தனித்தனி. வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அவை கூடுவதில்லை, ஆண் விந்தையும் பெண் முட்டையையும் நேரே கடலில் விட்டுவிடும். இதனால் ஒரு சிக்கல் பிறக்கிறது. விந்து நீரில் மிக வேகமாக ஐதாகிவிடும்; பக்கத்தில் இருக்கும் பெண் அதே நேரத்தில் முட்டை விடாவிட்டால் எல்லாம் வீண். ஆகவே கூட்டமாக வாழ்வதும் ஒரே வேளையில் விடுவதும் இவற்றுக்கு வாழ்வா சாவா என்ற விடயம். 1983இல் கரீபியன் கடலில் ஒரு நோய் பரவி அங்குள்ள டயடீமாக்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. பிழைத்தவை ஒன்றுக்கொன்று தொலைவில் தனித்துப் போயின. பல இடங்களில் அவை பல பத்தாண்டுகள் கடந்தும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பாமல் இருப்பதற்கு இந்தத் தனிமையும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

எல்லோரும் ஒரே வேளையில் விட வேண்டுமானால் ஒரு மணி அடிக்க வேண்டும். குளிர்நாடுகளில் பகற்பொழுதின் நீளம் பெரிய மணி. குளிர்காலத்தின் குறும்பகல் சில இனங்களில் புணரிகளின் (விந்து, முட்டை) உருவாக்கத்தையே தொடக்கி வைக்கிறது. வடகடல்களின் பச்சை முள்ளெலிக்கு, வசந்த காலத்தில் பெருகும் தாவர மிதவையுயிர்களே விடுவதற்கான சைகை. திருகோணமலை அகலக்கோடு எட்டரைப் பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணிநேரம்தான் வேறுபாடு. கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பு. ஆகவே இங்கே கேட்கக்கூடிய மணிகள் நிலவும், பருவக்காற்றும், மழையோடு ஆற்றிலிருந்து வரும் நன்னீரும், உணவும்தான். நில நடுக்கோட்டை நெருங்க நெருங்க டயடீமாவின் இனப்பெருக்கக் காலம் நீள்கிறது. சுயஸ் போன்ற வடக்கு எல்லையில் அது கோடைக்குள் சுருங்கிவிடுகிறது. சுயஸ் நாட்காட்டி இங்கே செல்லாததற்குக் காரணம் இதுதான்.

படி 1: ஒரே இனம், ஒரே இடம்

நமது பாறைகளில் பல இனங்கள் கலந்திருக்கும். அலை அடிக்கும் பாறைக் குழிகளில் கருமையான தடித்த முட்களோடு ஒட்டியிருப்பது ஸ்ரோமோநியூஸ்ரஸ். கடற்புற்களிடையே சிப்பியையும் இலையையும் தலையில் சுமந்து திரிவது ட்ரிப்நியூஸ்ரஸ். நாம் எடுத்துக்கொள்ளும் டயடீமா செட்டோசத்தின் கரிய முட்கள் ஒரு சாணுக்கும் மேலே நீளும். மேற்பக்கத்தில் ஐந்து வெள்ளைப் புள்ளிகளும், நடுவில் துருத்தி நிற்கும் குதக் குமிழைச் சுற்றி ஒரு செம்மஞ்சள் வளையமும் இருக்கும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எடுக்காதீர்கள். குட்டை முட்களோடு, உடலெங்கும் சிறு பூக்கள் விரிந்தது போல் அழகாக ஒன்று தென்பட்டால் தொடவே வேண்டாம். அது நச்சு முள்ளெலி.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கடலை மட்டும் பார்க்காதீர்கள், ஆற்றையும் பாருங்கள். கொட்டியாரக் குடாவில் மகாவலி கலக்கிறது. வாடைக்காற்று மழையோடு வரும் மாதங்களில் மூதூர்ப் பக்கத்து நீர் கலங்கி உவர்ப்புக் குறையும். உடலின் உப்புச் சமநிலையைச் சரிசெய்யும் உறுப்பு முள்ளெலிக்கு இல்லை. நீர் மாறினால் உடலும் மாறும். நிலாவெளிப் பக்கத்தில் அந்தத் தாக்கம் குறைவு. இரண்டு இடங்களின் மாதிரிகளைக் கலந்தால் எதையும் அறிய முடியாது.

புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு முள்ளைக்கூட எடுக்கக் கூடாது. ஆய்வென்றாலும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வேறு இடங்களில் எடுப்பதற்கு முன் கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். துறைமுகத்தை ஒட்டிய கடற்படைப் பகுதிகளை மறந்துவிடுவதே நல்லது.

படி 2: நாளைத் தேர்வது

எனது முதல் வருடம் வீணாய்ப் போனது இந்தப் படியில்தான். ஒவ்வொரு மாதமும் 15ஆந் திகதி மாதிரி எடுப்பது என்று தீர்மானித்திருந்தேன். ஒழுங்கானவன் என்று எனக்குள் பெருமை வேறு. வருட முடிவில் வரைபு ஏறியும் இறங்கியும் பல்லுப் போன சீப்பு மாதிரி இருந்தது. பிறகுதான் உறைத்தது: நிலவின் ஒரு சுற்று ஏறத்தாழ 29.5 நாள். ஜனவரி 15 பூரணையாக இருந்தால், டிசம்பர் 15 பூரணைக்குப் பின் ஒன்பதாம் நாளாகிவிடும். சில மாதம் விடுவதற்கு முன்னரும் சில மாதம் விட்ட பின்னரும் மாதிரி எடுத்திருக்கிறேன். பருவத்தின் ஏற்ற இறக்கமும் நிலவின் ஏற்ற இறக்கமும் ஒன்றில் ஒன்று புதைந்துவிட்டன.

மருந்து நம் சமையலறைச் சுவரிலேயே தொங்குகிறது. இலங்கையின் எந்த நாட்காட்டியிலும் போயா எனப்படும் ஒவ்வொரு பூரணை தினமும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு வகையாக மாதிரி எடுங்கள். வருடப் போக்குக்கு, ஒவ்வொரு பூரணைக்கும் மூன்று நாள் முன்னர். நிலவின் போக்குக்கு, ஏதாவது ஒரு மாதத்தில் மூன்று நாளுக்கு ஒரு முறை, பூரணை தொடங்கி அடுத்த பூரணை வரை. இரண்டாவது வகையைத் தவிர்க்கவே கூடாது. டயடீமா பூரணையில்தான் விடும் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது தவறு. பனாமா நிலத்தொடுப்பின் பசிபிக் பக்கத்து டயடீமா பூரணையை ஒட்டி விடுகிறது, கரீபியன் பக்கத்து இனமோ அமாவாசையை ஒட்டி விடுகிறது. இரண்டும் நெருங்கிய உறவு, நடுவில் இருப்பது ஒரு நிலத்துண்டு.

போயா அன்று விடுமுறைதானே, அன்றே செய்யலாமே என்று கேட்பீர்கள். அன்று நாடெங்கும் இறைச்சிக் கடை மூடியிருக்க, நாம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் விலங்கு அறுப்பது சரியா என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. மூன்று நாள் முன்னர் என்ற வழக்கம் அப்படித்தான் வந்தது. விஞ்ஞானத்துக்கும் அது வசதியாகவே அமைந்தது.

படி 3: எடுப்பதும் கொண்டுவருவதும்

ஒரு முறைக்கு 15 போதும். ஓடு 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவை இளசுகளாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். தடித்த செருப்பு, நீண்ட இடுக்கி, அகன்ற வாளி வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றான கச்சான் வீசும் காலத்தில் இந்தக் கரை அமைதியாக இருக்கும், வேலை சுலபம். வாடை மாதங்களில் இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். அலை பெரிதென்றால் அந்த மாதத்துப் புள்ளி வரைபில் இல்லாமலே இருக்கட்டும்.

ஒவ்வொன்றையும் தனித் தனி வாளியில் அல்லது பையில் கடல்நீரோடு வையுங்கள். ஒரு தடவை பத்தை ஒரே வாளியில் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தோம். சாம்பல்தீவுப் பாலத்தடியில் நிறுத்திப் பார்த்தபோது, ஒன்றின் உச்சியிலிருந்து பால் ஊற்றியது போல் வெண்புகை எழுந்துகொண்டிருந்தது. வீடு வருவதற்குள் வாளி முழுவதும் கஞ்சித் தண்ணீர். அடியில் இளமஞ்சள் மணலாக முட்டை. குலுக்கலும் சூடும் ஒன்றை விடவைக்க, அது மற்றவற்றையும் தூண்டிவிட்டது. பெரும்பாலும் ஆண்தான் முதலில் தொடங்கும். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அன்றைய நிறைகள் அனைத்தும் குப்பையில்.

முள் குத்தினால் அது உள்ளேயே முறிந்துவிடும். தாங்கக்கூடிய சூட்டில் நீர் வைத்துக் குத்திய இடத்தை அதில் அமிழ்த்துங்கள், வலி குறையும். மூட்டருகே ஆழமாகக் குத்தியிருந்தால் வைத்தியசாலைக்குப் போவதே சரி.

படி 4: திறப்பதும் நிறுப்பதும்

விலங்கை ஒரு நிமிடம் நீர் வடியவிட்டு நிறுங்கள். வேணியர் இடுக்கியின் நுனிகளை முட்களுக்கு இடையே நுழைத்து ஓட்டின் விட்டத்தை அளவிடுங்கள். பிறகு கவிழ்த்து, வாயைச் சுற்றியுள்ள மென்தோலில் கத்தரிக்கோலை நுழைத்து, ஓட்டின் இடுப்பளவு வரை சுற்றி வெட்டுங்கள். உள்ளே இருக்கும் நீர் வடியும். குடல் மாலை போலத் தொங்கும், மெதுவாக நீக்குங்கள். அதன் பின்னால், ஓட்டின் உட்சுவரில் ஒட்டியபடி ஐந்து சனனிகள் (விந்தோ முட்டையோ உண்டாகும் உறுப்புகள்), உரித்த தோடம்பழத்தின் சுளைகள் போல, நட்சத்திரமாக அமைந்திருக்கும். தேக்கரண்டியால் வழித்தெடுத்து நிறுங்கள்.

சனனிச் சுட்டி என்பது சனனியின் நிறையை முழு நிறையால் வகுத்து நூறால் பெருக்குவது. முழு நிறை 182 கிராம், சனனி 14.6 கிராம் என்றால் சுட்டி 8.0. பதினைந்து விலங்கின் சராசரியோடு, மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் சேர்த்தே எழுதுங்கள். சராசரி மட்டும் எழுதும் பழக்கம் பிறகு காலை வாரும்.

நிறத்தை வைத்து ஆண் பெண் சொல்லலாம் என்பார்கள்: ஆணின் விதை வெண்மை கலந்த மஞ்சள், பெண்ணின் சூலகம் செம்மஞ்சள். நன்கு முதிர்ந்தவற்றில் ஓரளவு சரி, மற்றக் காலத்தில் ஏமாற்றும்.

படி 5: பெரிய சனனி எல்லாம் முதிர்ந்த சனனி அல்ல

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் கவனமாகப் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். முள்ளெலியின் சனனி இனப்பெருக்க உறுப்பு மட்டுமன்று. உணவுக் களஞ்சியமும் அதுவே. புணரிகளைச் சுற்றி நிற்கும் போசணைக் கலங்கள் நல்ல உணவு கிடைக்கும் காலத்தில் கொழுத்துச் சனனியை ஊதவைக்கும். பிறகு புணரிகள் வளர வளர அந்தச் சேமிப்புக் கரையும். ஆகவே சுட்டி உச்சத்தில் இருக்கும்போது உள்ளே ஒரு முட்டைகூட முதிராமல் இருக்கலாம். தராசை மட்டும் நம்பி எழுதப்பட்ட மாணவர் செயற்றிட்டங்கள் பல இங்கேதான் தடுக்கி விழுந்திருக்கின்றன, எனது முதலாவது உட்பட.

சனனியில் ஒரு சிறு துண்டை வழுக்கியில் வைத்து, ஒரு துளி கடல்நீர் விட்டு, மூடிக் கண்ணாடியால் மெல்ல அழுத்தி, 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். முதிராத முட்டைக் கலத்தின் நடுவே தெளிவான பெரிய வட்டமாகக் கரு தெரியும், அதற்குள் புன்கரு ஒரு புள்ளியாக. கோழி முட்டையை ஒளியில் பிடித்துப் பார்ப்பது போல ஒரு தோற்றம். முதிர்ந்த முட்டையில் அந்தப் பெரிய வட்டம் இருக்காது. முழுவதும் ஒரே சீராக இருக்கும், கரு சிறிதாக ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். முள்ளெலி முட்டை, உடலை விட்டு வெளியேறும் முன்னரே ஒடுக்கற்பிரிவை முடித்துவிடுவதால்தான் இந்த வேறுபாடு. ஆணில், துளி நீரில் விந்துக்கள் சுறுசுறுப்பாக நீந்தினால் முதிர்ந்தது.

நான்கு நிலைகளாகப் பிரித்தால் போதும்: வளர்கிறது, முதிர்ந்தது, பாதி விட்டது, வெறுமை. பாதி விட்டதில் முதிர்ந்த முட்டைகளுக்கு இடையே வெற்றிடங்கள் தெரியும். வெறுமையானதில் சனனி தொய்ந்து, பழுப்பாகி, சில மிச்ச முட்டைகள் சிதைந்துகொண்டிருக்கும்.

படி 6: கொல்லாமல் அறிவது

நிலவின் போக்கை அறிய ஒரே மாதத்தில் பத்து முறை மாதிரி எடுக்கும்போது, 150 விலங்கைக் கொல்வதற்கு எனக்கு மனமில்லை. இதற்கு வேறு வழி உண்டு. 3.7 கிராம் பொற்றாசியம் குளோரைட்டை 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். வாயைச் சுற்றியுள்ள மென்தோலில் சிரிஞ்சால் ஒன்று முதல் இரண்டு மில்லிலீற்றர் ஏற்றுங்கள். சனனிச் சுவரின் தசைகள் சுருங்கி, முதிர்ந்த புணரிகள் இருந்தால் ஒரு சில நிமிடங்களில் மேற்பக்கத்துத் துளைகள் வழியே வெளியேறும். முதிராதது எதையும் விடாது. பதினைந்தில் எத்தனை விட்டன, ஏராளமாகவா சொட்டாகவா என்று குறித்துக்கொள்ளுங்கள். சனனிச் சுட்டி தரும் விடையைவிட இது சில வேளை தெளிவானது. வேலை முடிந்ததும் அன்றே எடுத்த இடத்தில் விட்டுவிடுங்கள், பல பிழைத்துக்கொள்ளும். கையாள வசதியாக முள்நுனியைக் கத்தரிக்கலாம், மீண்டும் வளரும். ஆனால் திரும்ப விடவேண்டியதை மொட்டையடிப்பது மீனுக்குப் பரிமாறுவதற்குச் சமம்.

படி 7: கருக்கட்டல் சோதனை

விட்ட முட்டை நல்ல முட்டையா என்று அறிய இது. மாணவர்கள் நுணுக்குக்காட்டிக்குச் சண்டை பிடிப்பதும் இங்கேதான். பெண்ணைக் கடல்நீர் நிறைந்த முகவையின் வாயில் கவிழ்த்து வையுங்கள். முட்டைகள் மெல்லிய நூலாக இறங்கி அடியில் படியும். மேல்நீரை வடித்துப் புதிய நீர் விட்டு இருமுறை கழுவுங்கள். ஆணின் விந்தை நீர் சேர்க்காமல் உலர்வாகவே குழாயியால் உறிஞ்சிக் குளிரில் வையுங்கள். ஐதாக்காத விந்து பல மணிநேரம் தாங்கும். நீர் பட்டதும் விழித்தெழுந்து நீந்தத் தொடங்கி, விரைவில் ஆற்றலை இழக்கும். முட்டைக் குழாயியும் விந்துக் குழாயியும் ஒருபோதும் மாறக் கூடாது, ஒரு துளி போதும் எல்லாம் கெட.

ஒரு துளி விந்தை 25 மில்லிலீற்றர் கடல்நீரில் கலந்து, அதில் சில துளிகளை முட்டைகளுக்கு விடுங்கள். உடனே நுணுக்குக்காட்டியில் கண்ணை வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முட்டையின் ஒரு புறத்தில் மெல்லிய சவ்வு கொப்புளமாக எழும்பி, அப்படியே மறுபுறம் வரை சுற்றிப் படர்ந்து, முட்டையைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் போட்டுவிடும். வேறு விந்து நுழையாமல் அடைத்த கதவு அது. நூறு முட்டை எண்ணி, எத்தனைக்கு வட்டம் விழுந்தது என்று எழுதுங்கள். ஒரு மணிநேரமளவில் இரண்டு கலமாகும். முதல் பிரிவிலேயே மூன்று நான்கு கலமாக உடைந்தால் விந்து அதிகம், ஒரே முட்டைக்குள் பல நுழைந்துவிட்டன, இன்னும் ஐதாக்குங்கள்.

மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் ஒரு செய்தி: கலப்பிரிவை நடத்தும் சைக்கிளின் என்ற புரதத்தை ஆங்கிலேய விஞ்ஞானி ரிம் ஹன்ற் 1982இல் கண்டுபிடித்தது இப்படியொரு முள்ளெலி முட்டையில்தான், 2001இல் அதற்கு நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. "சேர், அப்படியானால் நமக்கும் கிடைக்குமா?" என்று வருடம் ஒருவராவது கேட்பார்.

முகவையை நிழலில், நீர்த்தட்டில் வைத்து 28 பாகை செல்சியஸை ஒட்டிப் பேணுங்கள். தகரக் கூரை ஆய்வுகூடத்து மத்தியானச் சூடு முளையங்களை உருக்குலைத்துவிடும். மறுநாள் காலை அவை பிசிர் மயிர்களால் நீந்திக்கொண்டிருக்கும். இரண்டு நாளுக்குள் ஓவியச் சட்டக முக்காலி போன்ற புளூட்டியஸ் குடம்பி தயார். அதற்கு மேல் வளர்க்க நுண்பாசி வேண்டும், வாரக்கணக்கில் உழைப்பும் வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு போதும்.

படி 8: வரைபை வாசிப்பது

ஒவ்வொரு முறையும் நீரின் வெப்பநிலை, உவர்ப்பு, கடைசி ஒரு வாரத்து மழை, காற்றின் திசை ஆகியவற்றையும் எழுதியிருக்க வேண்டும். கிடை அச்சில் மாதங்களைப் போடாமல், போயாக்களைப் போடுங்கள். மேலே சனனிச் சுட்டி, அதன் கீழே நான்கு நிலைகளின் விகிதம், அடியில் மழையும் உவர்ப்பும்.

விடுதல் நடந்த இடம் சுட்டி உயர்ந்த இடமல்ல, அது சட்டென்று விழுந்த இடம். ஆனால் எல்லா வீழ்ச்சியும் விடுதல் ஆகாது. இரண்டு மாதிரிகளுக்கு இடையில் சுட்டி சரிந்து, அதே நேரம் வெறுமை நிலை விலங்குகள் கூடினால் விட்டுவிட்டன என்று எழுதலாம். பல மாதங்களாக மெல்ல மெல்ல இறங்கி, முதிர்ந்தவையும் வெறுமையானவையும் இல்லாதிருந்தால், அது பட்டினி. பாறையில் பாசி குறைந்ததா என்று பாருங்கள். மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடைவெளி எல்லா மாதமும் அகலமாக இருந்தால், அவை ஒரே வேளையில் விடாமல் ஆளுக்கொரு நாளாகச் சிந்திக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இந்த அகலக்கோட்டில் அதுவும் நடக்கக்கூடியதே. வரைபு நேர்த்தியாக வரவில்லையே என்று எண்களைத் தட்டி நிமிர்த்தாதீர்கள்.

பாறைகளில் முட்கள் உதிர்ந்து செத்த முள்ளெலிகள் கூட்டமாகக் கிடந்தால் அன்று மாதிரி எடுக்க வேண்டாம். 2022 முதல் மத்தியதரைக் கடலிலும் செங்கடலிலும் ஒரு நுண்ணுயிர் இதே டயடீமா செட்டோசத்தைப் பெருமளவில் கொன்றிருக்கிறது. படம் எடுத்து, இடத்தையும் திகதியையும் குறித்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கோ கடற்றொழில் அலுவலகத்துக்கோ அறிவியுங்கள். அன்று நனைந்த வாளியையும் செருப்பையும் நன்னீரில் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே வேறொரு கரைக்குக் கொண்டுபோங்கள்.